மிச்சம் பார்த்து ஒயின் எடுத்தவன்

எங்கள் வார்டு மதுவிலக்குக் கமிட்டிக்காரர்கள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். மலர் ஒன்று போடப் போகிறார்களாம். அதற்குக் 'குடியின் தீமை' என்று நான் ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். மதுரை ஜில்லாவுக்கும் மதுவிலக்கு வந்துவிட்டது, துரைமார்களும் கப்பலேறிவிட்டார்கள், எனக்கும் ஐம்பத்திரண்டு வயதிலேயே ஓய்வு கிடைத்துவிட்டது. இத்தனை வருஷம் மில் பங்களாவில் ஒயின் ஊற்றிய பட்லர் ஒரு சொட்டுகூட வாயில் வைத்ததில்லை என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அது உண்மைதான். ஆனால் அதில் மெச்சிக்கொள்ள ஒன்றும் இல்லை. நீச்சல் தெரியாதவன் பரிசல் ஓட்டிய மாதிரி, காலம் பூராவும் நடுங்கிக்கொண்டே ஓட்டினேன். குடியின் தீமை எனக்குத் தெரியாது. நன்மையும் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது ஒரே ஒரு வித்தை: விருந்துக்கு எந்த ஒயினை எடுப்பது என்பது. அதையும் ஒரு கிறிஸ்மஸ் பகலில் எட்டுப் பேர் முன்னிலையில் தொலைத்துவிட்டேன். அந்தக் கதையை எழுதித் தருகிறேன், மலரில் போடுவதும் அடுப்பில் போடுவதும் கமிட்டியின் இஷ்டம் என்றேன். சரி என்றார்கள்.

எனக்குச் சொந்த ஊர் பரவை. கத்தரி, வெண்டை போடுகிற குடும்பம். ஊர்ச் சந்தையில் விற்றது போக, நல்ல காயாகப் பொறுக்கி ஒரு கூடை மில் மானேஜர் பங்களாவுக்குப் போகும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போனவன் நான். ஒரு நாள் அங்கே எச்சில் தட்டுக் கழுவுகிற ஆள் வரவில்லை. கூடையை இறக்கிவிட்டுக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். அப்புறம் கூடையைத் தூக்க என் தம்பி வந்தான். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

வேலை நிச்சயம் ஆனதும் அப்பா என்னை அழகர்கோவிலுக்குக் கூட்டிப் போனார். வெள்ளைக்காரன் வீட்டுக்கு வேலைக்குப் போனவன் எல்லாம் குடித்துக் கெட்டான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில், சந்தனம் அப்பிய அந்தச் சாத்திய கதவுக்கு முன்னால் என்னை நிறுத்தினார். சாராயமோ கள்ளோ சீமைச் சரக்கோ எதுவும் என் தொண்டையில் இறங்காது என்று சத்தியம் செய்யச் சொன்னார். செய்தேன். கீழே இறங்கப் போனவர் நின்றார். கொஞ்சம் யோசித்தார்.

"தொண்டைன்னு வேணாம்டா. நாக்குன்னு சொல்லு. தொண்டைன்னா துப்பிட்டு, இறங்கலையேம்ப."

நாக்கு என்று இரண்டாம் தடவை சொன்னேன். அப்பா கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. மிதித்திருந்தால் மதுரையில் பாதி வக்கீல்களுக்குப் பிழைப்பு இருந்திருக்காது.

பங்களாவுக்கு எஜமானர் டன்பார் துரை. எஜமானி துரைசானி. வித்தியாசம் என்னவென்றால் துரைக்கு மில் எந்திரங்கள் கட்டுப்படும், மற்ற எல்லாம் துரைசானிக்குக் கட்டுப்படும். அந்தம்மா உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. செய்கிற வேலை பிடிக்காவிட்டால் பக்கத்தில் வந்து, கையில் இருக்கிற பொருளை வாங்கிக்கொண்டு, தானே செய்து முடித்துவிட்டுப் போய்விடுவார். கண்ணாடி துடைக்கிற துணியை ஒரு தடவை அப்படி என் கையிலிருந்து வாங்கினார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வைதிருந்தால் இறங்கியிருக்கும்.

எனக்கு முன்னால் பட்லராக இருந்தவர் சவரிமுத்து. கெட்டிக்காரர், என்னைவிடப் பத்து மடங்கு. ஒரு நாள் படிகக் கூஜா ஒன்றின் விளிம்பு தெறித்துவிட்டது. அதைச் சொல்லாமல், தெறித்த பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். துரைசானி நாலாம் நாள் கூஜாவைத் திருப்பினார். அன்று சாயங்காலம் சவரிமுத்து மூட்டை கட்டினார். உடைத்ததற்கு இல்லை, அந்த வீட்டில் எத்தனையோ உடைந்திருக்கிறது. மறைத்ததற்கு. அவருடைய தலைப்பாகையும் சாவிக்கொத்தும் எனக்கு வந்தன. சாவிக்கொத்தில் ஒரு சாவி நிலவறைக்கு. அங்கேதான் ஒயின் இருந்தது.

அங்கே ஆரம்பித்தது என் சங்கடம். துரை ஸ்காட்லாந்து மனுஷர், அவருக்கு விஸ்கி போதும். ஒயின் விருந்தாளிகளுக்காக. "அழகர், ஏதாவது நல்லதாக எடு" என்பார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். சூப்புக்கு ஒன்று, மீனுக்கு வெள்ளை, இறைச்சிக்குச் சிவப்பு, கடைசியில் இனிப்போடு போர்ட் ஒயின் என்கிற மட்டும் சவரிமுத்துவைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். ஆனால் வெள்ளையில் ஐந்து, சிவப்பில் எட்டு இருந்தால் எதை எடுப்பது? ருசி பார்க்க நாக்கு இல்லை, அது கருப்பிடம் அடமானத்தில் இருந்தது. மோந்து பார்க்கலாம் என்றால் மூக்கும் இல்லை. எனக்குப் பொடி போடுகிற பழக்கம். வடக்கு மாசி வீதிப் பொடி, ரோஜாவையும் ரப்பரையும் ஒன்றாக்கிவிடும். நாக்கும் மூக்கும் இல்லாத ஒயின் பட்லர் இந்தத் தேசத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.

மிச்சமிருந்தது கண். விருந்து முடிந்ததும் கிளாஸ்களை எல்லாரும் கொத்தாகத் தூக்கிக் கழுவுகிற தொட்டிக்குக் கொண்டுபோவார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. மேஜையில் இருந்த வரிசையிலேயே தட்டில் அடுக்கி, உள்ளே கொண்டுபோய், அதே வரிசையில் பலகைமேல் வைப்பேன். ஒவ்வொன்றிலும் விரலை வெளிப்பக்கமாக ஒட்டவைத்து அளப்பேன். ஒரு விரல் மிச்சம், அரை விரல், வழித்தது. ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன்: டாக்டர் துரை, ஆட்டுக்கறி, நீல லேபில் சிவப்பு, வழித்தது. பாதிரியார், அதே, ஒரு விரல். வாயால் நல்லா இருக்கிறது என்பார்கள் எல்லாரும். அது வெள்ளைக்காரர்களுக்கு மரியாதை. கிளாஸ் மரியாதை பார்க்காது. இரண்டு வருஷத்தில் மதுரையில் எந்தத் துரைக்கு எதை ஊற்றினால் இறங்கும் என்பது நோட்டில் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த ஒயின்களுக்கு நல்ல பெயர் வந்தது. பட்லருக்கு நல்ல நாக்கு என்று துரையிடம் ஒருவர் சொன்னபோது, நான் அந்த நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அளந்து முடித்த மிச்சத்தைக் குசினிக்காரர் அந்தோணி வாங்கிக்கொள்வார். வெள்ளை, சிவப்பு, போர்ட், எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் ஊற்றி அடுப்புக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். எனக்கு அது நோட்டு, அவருக்கு அது கூலி.

நோட்டில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. துரைசானியின் அப்பா அவர்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த சிவப்பு ஒயின் ஒன்று இருந்தது. ஏதோ பெரிய இடத்துச் சரக்காம். அதை வருஷத்தில் ஒரே நாள், கிறிஸ்மஸுக்கு, இரண்டு பாட்டில் எடுப்போம். குடிக்கும்போது எல்லாரும் கண்ணை மூடித் திறப்பார்கள். உள்ளே கொண்டுவந்து அளந்தால் இரண்டு விரல், மூன்று விரல் மிச்சம். துரையின் கிளாஸில் பாதிக்குமேல் இருக்கும். மற்ற நாட்களில் ஊற்றுகிற, மெட்ராஸிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிற சிவப்போ, வழித்துத் துடைத்திருக்கும். உசத்தியான சரக்கை மிச்சம் வைப்பது துரைமார் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தோணி அண்ணனுக்குக் கிறிஸ்மஸ் நல்ல நாள்.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். யுத்தம் தொடங்கி இரண்டாவது கிறிஸ்மஸ். கப்பல்கள் சரியாக வராததால் நிலவறையில் சிவப்பு ஒயின் பன்னிரண்டு பாட்டில்தான் இருந்தன. ஆறு கல்யாண ஒயின், ஆறு மெட்ராஸ் ஒயின். பாட்டில் இரண்டுக்கும் ஒரே அச்சு, தோள் வைத்த பாட்டில். லேபில்தான் வேறு.

ஐப்பசியில் துரைசானி ஒரு வாரம் கொடைக்கானல் போனார். போகும்போது, மழை வருவதற்குள் ஒயினை மேலே கொண்டுவந்து வைத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு வைக்கலாம் என்று நான் நாலு நாள் நினைத்தேன். ஐந்தாம் நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, பக்கத்துக் கண்மாய் நிரம்பி வழிந்தது, நிலவறையில் இடுப்பளவு தண்ணீர். இறங்கிப் பார்த்தால் சிவப்பு வைத்திருந்த மரத்தட்டு சாய்ந்து, பன்னிரண்டு பாட்டிலும் சேற்றில் உருண்டு கிடக்கின்றன. உடையவில்லை. ஆனால் ஒன்றிலும் லேபில் இல்லை. லேபில்கள் தாமரை இலை மாதிரி தண்ணீர்மேல் மிதக்கின்றன.

துரைசானி மறுநாள் வருகிறார். அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? அம்மா, சொன்னதைச் செய்யவில்லை, இப்படி ஆகிவிட்டது என்று சொல்லத் தயாராவான். நான் லேபில்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தேன். இஸ்திரிப் பெட்டி காய வைத்துத் துணி போட்டுத் தேய்த்தேன். குசினியில் சாதத்தைக் குழைத்துப் பசை ஆக்கினேன். பாட்டில்களைக் கழுவி, ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்து, எது எந்த வரிசை என்று யோசித்தேன். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது தெரிந்ததும் ஒட்டினேன். சவரிமுத்துவாவது கூஜாவைத் திருப்பித்தான் வைத்தார். நான் பொய்யைத் தேய்த்து, மடிப்பு நீக்கி, ஒட்டி வைத்தேன்.

துரைசானி வந்து பாட்டில்களை எண்ணினார். மேலே கொண்டுவந்து வைத்ததற்கு, நல்லது என்றார். எனக்கு அந்தச் சொல் தேள் கொட்டின மாதிரி இருந்தது.

மார்கழி பிறந்ததும் துரை என்னைக் கூப்பிட்டார். கம்பெனியின் பெரிய துரை மெட்ராஸிலிருந்து கிறிஸ்மஸுக்கு வருகிறாராம். சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் விருந்து பகல் ஒரு மணிக்கு. பெரிய துரை ஒயின் விஷயத்தில் புலி. கல்யாண ஒயினைப் பற்றித் துரை அவருக்கு இரண்டு பக்கம் கடிதம் எழுதியிருக்கிறார். அந்த இரண்டு பாட்டிலைப் பார்த்து எடு என்றார். பார்த்து எடுக்கத்தான் ஒன்றும் இல்லையே.

தப்பான ஒயினை ஊற்றினால் புலி கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் லேபில் கதை வெளியே வரும். வந்தால் அன்று சாயங்காலம் நான் சவரிமுத்து. சரியான பாட்டிலைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் யாராவது ருசி பார்க்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று லீவு கேட்டுக்கொண்டு அழகர்கோவிலுக்குப் போனேன். வாக்குக் கொடுத்த இடத்திலேயே போய் வாக்கைத் தளர்த்தித் தரச் சொல்லிக் கேட்பது என்று தீர்மானம்.

பூசாரி பெரியவர் விபூதித் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"குடிக்கப் போறியாக்கும்?"

"குடிக்க இல்ல சாமி. ருசி மட்டும் பாக்கணும்."

"எதுக்கு?"

"கிறிஸ்மஸ் விருந்துக்கு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பு லேசாகக் குலுங்கியது. அருள் வந்துவிட்டது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாய்க்கா வரப்புக்கு வாரான். பங்காளித் தகராறுக்கு வாரான். ஆடு களவு போச்சுன்னு கொட்டாம்பட்டியில இருந்து நடந்து வாரான். வெள்ளக்காரன் பண்டிகைக்குக் கருப்புகிட்ட உத்தரவு கேட்டு வந்தவன் நீ ஒருத்தன்தாம்ப்பா. சரி, சத்தியம் பண்ணும்போது தொண்டைன்னு சொன்னியா, நாக்குன்னு சொன்னியா?"

"நாக்குன்னு."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்கப்பா."

"வெவரமான மனுசன்," என்றார். விபூதியை என் நெற்றியில் பூசிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

கிறிஸ்மஸ் வந்தது. காலை பதினோரு மணிக்குக் கல்யாண லேபில் ஒட்டிய பாட்டில் இரண்டை எடுத்துத் துடைத்தேன். தக்கையில் முத்திரை இருக்கும், அதைப் பார்த்துவிடலாம் என்று கடைசி நம்பிக்கை. ஒரு தக்கை திருகியோடு தூள் தூளாக வந்தது. மற்றதில் கறுப்பாக ஏதோ இருந்தது, எழுத்தா அழுக்கா என்று கருப்புக்குத்தான் வெளிச்சம். மெழுகுவத்தியைக் கழுத்துக்குப் பின்னால் பிடித்து, வண்டல் வராமல், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு படிகக் கூஜாவில் ஊற்றினேன். சேற்றில் உருண்டவை, வண்டல் இரண்டிலும் தாராளமாக இருந்தது.

இரண்டையும் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒரு கூஜாவில் இருப்பது நாவல்பழ நிறம். மற்றதில் செங்கல் கரைத்த நிறம். அதுவரை கிறிஸ்மஸ் விருந்து விளக்கு வெளிச்சத்தில்தான் நடந்தது, அந்த வெளிச்சத்தில் சிவப்பெல்லாம் ஒரே சிவப்பு. ஒன்று கல்யாணம், மற்றது மெட்ராஸ் என்பது நிச்சயம் ஆகிவிட்டது. எது எது என்பதுதான் தெரியவில்லை.

அந்தோணி அண்ணனைக் கூப்பிட்டேன். வான்கோழியை அடுப்பில் விட்டுவிட்டு வந்தார். இரண்டு கிளாஸில் அரை விரல் ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றைக் குடித்தார். மற்றதைக் குடித்தார். கூரையைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி அதையும் குடித்தார்.

"ரெண்டும் புளிக்குது மாப்ள."

"புளிப்புல வித்தியாசம் தெரியலையாண்ணே? இம்புட்டு வருசமாக் குடிக்கிறீங்க."

"எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திக் குடிச்ச வாயிடா இது. தனித்தனியாக் குடுத்துக் கேட்டா எப்பிடித் தெரியும்?" என்றார். நியாயமான பதில்தான். வான்கோழி தீய்கிற வாசனை வருகிறது என்று ஓடிவிட்டார். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை, மூக்கு அப்படி.

மணி ஒன்று. மேஜையில் எட்டுப் பேர். ஒரு கோடியில் துரை, மறு கோடியில் துரைசானி, ஜன்னல் பக்கம் மூன்று பேர், சுவர்ப் பக்கம் டாக்டர் துரையும் பாதிரியாரும் சேர்த்து மூன்று பேர். பெரிய துரை ஜன்னல் பக்கம், துரைசானிக்குப் பக்கத்தில். ஒல்லியான, வெள்ளைப் புருவக்காரர். சூப்பு போயிற்று. கிணற்றில் இறக்கிக் குளிர வைத்திருந்த வெள்ளை ஒயினோடு மீனும் போயிற்று. வான்கோழி வந்தது. இரண்டு கூஜாவும் சுவரோர மேஜையில், பக்கத்தில் சாட்சிக்கு இரண்டு காலிப் பாட்டில்கள், இரண்டிலும் என் கைவண்ணம்.

எதை எடுப்பது? அப்போது எனக்குத் தோன்றிய யோசனையை இன்று நினைத்தாலும் முதுகில் வேர்க்கிறது. ஒன்றையே எல்லாருக்கும் ஊற்றி அது தப்பாக இருந்தால் முழு மேஜையும் போச்சு. பாதிப் பேருக்கு ஒன்று, பாதிப் பேருக்கு மற்றது என்று ஊற்றினால் பாதி மேஜையாவது தப்பும். நாவல்பழத்தை ஜன்னல் பக்கத்துக்கும் துரைசானிக்கும் ஊற்றினேன். செங்கலைச் சுவர்ப் பக்கத்துக்கும் துரைக்கும் ஊற்றினேன். பாதி நெருப்பை அணைத்துவிட்டேன் என்று சந்தோஷப்படுகிறவனைப் போல ஓரமாகப் போய் நின்றேன்.

துரை எழுந்து கல்யாண ஒயினைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். எல்லாரும் குடித்தார்கள், வழக்கம்போலக் கண்ணை மூடித் திறந்தார்கள். பேச்சு யுத்தத்துக்குப் போயிற்று. நான் மூச்சு விட ஆரம்பித்தேன். தட்டுகள் பாதி காலியான சமயம், பெரிய துரை எதிரே பார்த்தார். வெயில் ஜன்னல் வழியாக வந்து, சுவர்ப் பக்கத்துக் கிளாஸ்களில் நேராக விழுந்தது.

டன்பார், உம்முடைய ஒயின் ஏன் வேறு நிறத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

துரை தன் கிளாஸைப் பார்த்தார். துரைசானியின் கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெரிய துரை விரலை அசைத்து, செங்கல் கூஜாவிலிருந்து ஒரு மடக்கு ஊற்றச் சொல்லிக் குடித்தார். நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். இரண்டில் ஒன்று நீர் கடிதத்தில் எழுதிய ஒயின், மற்றது எந்தக் கடையிலும் கிடைப்பது, எது எது என்று சொல்லும் பார்ப்போம் என்றார். துரைக்கு நெற்றியில் வேர்வை. பட்லருக்கு நல்ல நாக்கு, அவன் சொல்வான் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

பெரிய துரை ஒரு சுத்தமான கிளாஸில் செங்கல் ஒயினைத் தானே ஊற்றி என் கையில் கொடுத்தார். குடித்துப் பார்த்துச் சொல் என்றார்.

மேஜை முழுவதும் என் வாயைப் பார்த்தது. கிளாஸ் உதட்டுக்கு இரண்டு விரற்கடை தூரம். குடித்துவிட்டு ஏதாவது ஒன்றைச் சொன்னால் பாதிக்குப் பாதி தப்பிக்கலாம். இதே கணக்கைத்தான் பத்து நிமிஷம் முன்னால் போட்டேன் என்பது ஞாபகம் வந்தது. சந்தனம் அப்பிய கதவும் ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஓடிப்போய்விட்டது.

"நோ சார். சாமி சத்தியம் சார்," என்றேன்.

பெரிய துரைக்குப் புரியவில்லை. துரைசானிதான் கத்தியையும் முள்ளையும் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார். அந்தம்மாவின் தமிழ் ஆயாவிடம் கற்ற தமிழ்.

"நீ ஒயின் குடிக்கிறது இல்லே?"

"இல்லம்மா."

"எப்பவும் இல்லே?"

"ஒரு சொட்டு இல்லம்மா."

"அப்போ இத்தனை வருஷம் எப்படி எடுக்குது?"

திறந்த வாய் நிற்கவில்லை. கருப்பு, அப்பா, நாக்கு, விரல் அளவு, நோட்டு என்று எல்லாம் வந்தது. கேட்காததும் வந்தது: மழை, மிதந்த லேபில், இஸ்திரிப் பெட்டி, சோற்றுப் பசை. துரைசானி ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். விரல் அளவு வந்தபோது மட்டும் டாக்டர் துரை தன் கிளாஸைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

பெரிய துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சரி, உன் வழியிலேயே பார்த்துச் சொல் என்றார்.

கிளாஸைக் கையில் பிடித்தபடியே மேஜையைச் சுற்றி நடந்தேன். ஜன்னல் பக்கம் மூன்று கிளாஸும் வழித்திருந்தன. பெரிய துரையுடையதும்தான். துரைசானியுடையதில் அரை விரல். சுவர்ப் பக்கம் வந்தேன். இரண்டு விரல். மூன்று விரல். இரண்டு விரல். துரையின் கிளாஸில் ஒரு மடக்குத்தான் குறைந்திருந்தது. நோட்டில் அத்தனை வருஷமாக எனக்குப் பிடிபடாத விஷயம் அப்போதுதான் பிடிபட்டது, பிடிபட்டிருக்கக் கூடாத இடத்தில். அந்தச் சரக்கு ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. வழித்துக் குடித்தது மெட்ராஸ் பெட்டிச் சரக்கை. வழித்தவர்களில் புலியும் ஒருவர்.

சுவர்ப் பக்கத்தைக் காட்டி, திஸ் மேரேஜ் சார், தட் மெட்ராஸ் சார் என்றேன்.

எப்படித் தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரிய துரை தன் காலிக் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார். இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த மேஜையில் மறுக்க ஆள் கிடையாது. மனுஷர் பெரியவர்தான்.

"அவன் சொல்வது சரி," என்றார்.

அதன் பிறகு நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சுவர்ப் பக்கத்தில் ஒரு கை கிளாஸுக்குப் போனது. இன்னொரு கை போனது. பாதிரியார் ஒரே மடக்கில் முடித்தார். துரை தன் கல்யாண ஒயினை மருந்து குடிக்கிற மாதிரி, கழுத்தை நீட்டிக் கடைசிச் சொட்டு வரை குடித்து வைத்தார்.

என் கையில் மட்டும் ஒரு கிளாஸ் நிறைந்திருந்தது. துரைசானி எழுந்து வந்தார். பக்கத்தில் நின்று, கிளாஸை என் கையிலிருந்து வாங்கினார். முடிந்தது, மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அந்தம்மா அதை நின்றபடியே குடித்தார். வெறும் கிளாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"புட்டிங் கொண்டு வா," என்றார்.

நாலு மணிக்கு விருந்தாளிகள் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டார்கள். துரைசானி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தலைப்பாகையையும் சாவிக்கொத்தையும் கையிலேயே கொண்டுபோனேன், கேட்டதும் கொடுத்துவிடலாம் என்று.

"சவரிமுத்து மறைச்சுது, நான் கண்டுபிடிச்சுது," என்றார். "நீ மறைச்சுது, அப்புறம் நீயே சொல்லிச்சு. எல்லார் முன்னாலும் சொல்லிச்சு. தலைப்பா கட்டிக்கோ."

கட்டிக்கொண்டேன். அவசரத்தில் கட்டியதில் முண்டாசு காதை மூடியது. மீதிப் பத்துப் பாட்டிலிலும் லேபிலைக் கிழித்துப் போடு என்றார். மழைக்கு முன்னால் சொன்னதைச் செய்யாததற்கு ஒரு மாதம் வெள்ளிச் சாமான் முழுவதும் நான் ஒருவனே தேய்க்க வேண்டும் என்றார். நான் தேய்த்த வெள்ளி அந்த மாதம் மின்னியதைப் போல் எப்போதும் மின்னியதில்லை.

வேலை தப்பியது. அதோடு கதை முடிந்திருந்தால் கமிட்டிக்காரர்களுக்கு நல்ல நீதியாக இருந்திருக்கும்.

புது வருஷத்துக்கு அதே டாக்டர், அதே பாதிரியார், இன்னும் சிலர் சாப்பிட வந்தார்கள். விருந்து முடிந்ததும் கிளாஸ்களை வரிசை மாறாமல் கொண்டுவந்து பலகைமேல் வைத்தேன். விரலை நீட்டினேன். அளக்க ஒன்றும் இல்லை. எல்லாக் கிளாஸும் கழுவி வைத்த மாதிரி இருந்தன. சரி, சரக்கு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த வாரம் ஒரு வருஷமாக ஒருவரும் தொடாத புளிச்ச வெள்ளையை வேண்டுமென்றே ஊற்றிப் பார்த்தேன். அதையும் வழித்திருந்தார்கள்.

விஷயம் மதுரையில் இருந்த அத்தனை வெள்ளைக்காரர் வீடுகளுக்கும் போய்விட்டது. டன்பார் வீட்டில் மிச்சம் வைத்தால் பட்லர் நோட்டில் எழுதுவான், ஒயின் தெரியாதவர் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்று பேச்சு. அந்தோணி அண்ணன் காலிப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் என்னை மறித்தார்.

"ஓஞ் சத்தியத்தக் காப்பாத்திக்கிட்ட. சந்தோசம். அதுக்கு எம் பொழப்புல ஏண்டா மண்ண அள்ளிப் போட்ட?"

மண் விழுந்தது அவர் பிழைப்பில் மட்டும் இல்லை. மிச்சம் இல்லாமல் என் நோட்டுக்கும் அதே மண்தான். எனக்குக் கொஞ்சமாவது விஷயம் தெரிந்திருந்த காலத்தில் என்னை ஒருவரும் யோசனை கேட்டதில்லை. ஒன்றும் தெரியாமல் போன பிறகு, கொடைக்கானலிலிருந்தெல்லாம் சீட்டு எழுதிக் கேட்டார்கள்: கிறிஸ்மஸுக்கு வாத்து, அழகர் எந்த ஒயினைச் சொல்கிறான்? லேபில் கிழித்த பத்துப் பாட்டிலிலும் எது எது என்று எனக்கே தெரியாது. நோட்டைப் புரட்டுகிற மாதிரி புரட்டி, வாயில் வந்ததைச் சொல்லி அனுப்புவேன். நன்றி என்று பதில் வரும்.

அதற்குப் பிறகு ஆறு கிறிஸ்மஸ் அந்த மேஜையில் ஊற்றினேன். ஆறுக்கும் நிலவறையில் இறங்கி, விளக்கைக்கூட ஏற்றாமல், முதலில் கைக்குச் சிக்கியதை எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். எல்லாரும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கிளாஸை எனக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து, என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.